பதினேழாம் எண் பதக்கம்

தருமபுரி
22-9-1991

அன்புள்ள மாப்பிள்ளை தசரதனுக்கு,

ஆசிகள். இங்கு எல்லோரும் நலம். நீங்களும் கலைமதியும் நலமாக இருப்பீர்கள். படப்பைப் பள்ளியிலிருந்து என்னை இங்கே மாற்றி ஒரு பருவம் முடிந்துவிட்டது. பானிப்பட்டில் எத்தனை யுத்தம் நடந்தது என்பதில் இந்த ஊர் மாணவர்களுக்கும் உறுதியான கருத்து இல்லை. ஆகவே மாற்றத்தால் வரலாற்றுக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

எழுதுவது பதக்கம் பற்றி. சாமான்களை லாரியில் ஏற்றிய அன்று, அது அடிபடுமோ தொலையுமோ என்று பயந்து, உங்கள் கையில் கொடுத்தேன். உங்கள் தொழிற்சாலை டூல் ரூமில் அதற்கு ஒரு பித்தளைத் தாங்கி செய்து, பதக்கத்தோடு அனுப்புவதாகச் சொன்னீர்கள். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. தாங்கியும் வரவில்லை, தாங்கப்பட வேண்டியதும் வரவில்லை.

அது எது என்று உங்களுக்கு நினைவிருக்கும். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். என் பட்டியலில் பதினேழாம் எண். வெண்கலம். சென்ற நூற்றாண்டில் ஒரு ஜமீன்தார் தன் ஊரில் நடத்திய விவசாயப் பொருட்காட்சியின் நினைவாக லண்டனில் அச்சில் அடித்து வாங்கியது. ஒரு பக்கம் தலைப்பாகையோடு ஜமீன்தார். மறுபக்கம் கலப்பை மேல் அமர்ந்த கிரேக்க நாட்டுத் தானிய தேவதை, ஒரு கையில் அரிவாள், ஒரு கையில் கதிர்க்கட்டு. செதுக்கியவர் நெல்லைப் பார்த்ததில்லை. அதனால் அது கோதுமை. காஞ்சிபுரம் பாத்திரக் கடையில் உருக்கப் போகிற குவியலிலிருந்து நான் மீட்டது.

டிசம்பர் 15-ஆம் தேதி சென்னையில் பதக்கம் சேகரிப்போர் கூடுகிறோம். அந்தத் தேவதையைப் பற்றி நான் கட்டுரை வாசிக்கிறேன். பொருளைக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பதாக எழுதிக்கொடுத்துவிட்டேன். விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும், முகத்தில் விரல் படக்கூடாது என்று நான் காட்டிக்கொடுத்தது நினைவிருக்கட்டும்.

அன்புடன்,
சுப்பராயன்


வடக்குப்பட்டு
3-10-1991

மச்சானுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. கலைமதி நலம். இங்கே நல்ல மழை. ஏரியில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு புதுக் கடை திறந்திருக்கிறார்கள், பரோட்டா நன்றாக இருக்கிறது.

தாங்கி வேலை நடக்கிறது. பித்தளை கிடைப்பதில் கொஞ்சம் சிரமம். பதக்கம் பத்திரமாக இருக்கிறது. நல்லபடியாகக் கவனிக்கப்படுகிறது. நானே நேரில் கொண்டுவந்து கொடுக்கலாம் என்றால், மே மாதத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எல்லாப் பையையும் திறக்கச் சொல்கிறார்கள். இது என்ன என்று கேட்டால் உங்களைப்போல விளக்கிச் சொல்ல எனக்கு வராது.

கலைமதி தீபாவளிக்கு உங்களை எல்லாம் எதிர்பார்க்கிறாள்.

தசரதன்


தருமபுரி
9-10-1991

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பரோட்டா பற்றிய வரி தெளிவாக இருக்கிறது. மற்றவை அப்படி இல்லை.

ஒரு தொழிற்சாலையில் பித்தளை கிடைக்கவில்லை என்பதை ஒரு சரித்திர ஆசிரியர் நம்புவார் என்று எண்ணியிருக்கிறீர்கள். போகட்டும். "நல்லபடியாகக் கவனிக்கப்படுகிறது" என்றால் என்ன? பதக்கத்தைப் பஞ்சில் சுற்றி, பெட்டியில் வைத்து, பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டால் அதற்குக் கவனிப்பு முடிந்தது. அதன் பிறகு யார் என்ன கவனிக்கிறார்கள்?

கேள்விகளுக்கு நேரான பதில் வேண்டும். பதக்கம் உங்கள் வீட்டில் இருக்கிறதா, தொழிற்சாலையிலா? யாராவது அதைத் தேய்த்தார்களா? நூறு வருஷத்தில் வெண்கலத்தின் மேல் தானாகப் படிந்த அந்தப் பழுப்பு நிறம்தான் பதக்கத்தின் உயிர். புளி போட்டு விளக்கினால் அது குத்துவிளக்கின் அடித்தட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, துளை போட்டீர்களா? உங்கள் தொழிலில் ஒரு பொருளைக் கண்டால் துளை போடத் தோன்றும் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் பதிலைப் பார்த்துத்தான் தீபாவளி.

சுப்பராயன்


வடக்குப்பட்டு
27-10-1991

மச்சானுக்கு வணக்கம்.

துளை போடவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். யாரும் தேய்க்கவும் இல்லை.

மற்றதை எழுதிவிடச் சொல்லி கலைமதி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

எங்கள் பிரஸ் ஷாப்பை நீங்கள் பார்த்ததில்லை. லாரிக் கதவுக்கான தகடுகளை மிஷினில் அடித்து எடுக்கிறோம். மேலிருந்து இறங்கும் பாரம் தகட்டை அடிக்கும், கையையும் அடிக்கும், அதற்கு வித்தியாசம் தெரியாது. கை உள்ளே போகாமல் இருக்க முன்னால் ஒரு கம்பித் தடுப்பு உண்டு. கூண்டு என்போம். கூண்டு இருந்தால் வேலை மெதுவாக நடக்கும். அவசர ஆர்டர் வந்தால் சூப்பர்வைசர் பாண்டுரங்கன் கூண்டைக் கழற்றச் சொல்வார். அப்படிக் கழற்றிய ஒரு நாளில்தான், ஆடி மாதம், எல்லப்பனுக்கு இரண்டு விரல் போனது.

கூண்டை மறுபடி மாட்டினோம். ஆனால் அந்த மிஷினில் உட்கார ஆள் இல்லை. வடக்குப்பட்டுக் கிளியம்மாளை உட்காரச் சொன்னார்கள். எங்கள் தெருதான், கலைமதிக்குத் தெரியும். புருஷன் விட்டுப் போய்விட்டான், வேலையை விட முடியாது. அவள் டூல் ரூமுக்கு வந்தாள். என் மேஜை மேல் உங்கள் பதக்கம் இருந்தது. தாங்கிக்கு அளவெடுக்க வைத்திருந்தேன், தேவதை மேல்பக்கம். குனிந்து பார்த்தாள்.

"யாருப்பா இது? அருவா வச்சிகினு குந்திகினு கீறா?"

கிரேக்க நாட்டுத் தானிய தேவதை என்று நீங்கள் சொன்னபடியே சொன்னேன். "எந்த ஊரா இருந்தா இன்னா. பொம்பள, கைல அருவா கீது. இத்த அந்தக் கூண்டுல மாட்டு. நான் குந்தறேன்" என்றாள்.

ஒரு வாரத்துக்கு என்றுதான் மாட்டினேன். விளிம்பை மட்டும் பிடிக்கிற மாதிரி நாலு நகம் வைத்து ஒரு பித்தளை வளையம் செய்து, வளையத்தைக் கூண்டில் திருகினேன். நீங்கள் கேட்ட தாங்கி அதுதான். அதனால்தான் பித்தளை கிடைக்கவில்லை என்று எழுதினேன். ஜமீன்தார் முகம் உள்பக்கம் இருக்கிறது. அவர் மிஷினைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த வாரம் பெரிய ஆர்டர். பாண்டுரங்கன் கூண்டைக் கழற்றச் சொன்னார். ஸ்பேனரை எடுக்க யாரும் வரவில்லை. "யோவ், எனுக்கு டெஸ்பாட்ச் ஆவணும்யா" என்று அவரே ஸ்பேனரோடு போனார். கூண்டு முன்னால் நின்றார். கிளியம்மாள் அதில் பூ வைத்திருந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு ஸ்பேனரையும் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்தக் கூண்டை யாரும் தொட்டதில்லை. மற்ற மிஷின்காரர்களும், கூண்டு இருந்தால்தான் அம்மனுக்கு மரியாதை என்று, எல்லாக் கூண்டையும் போட்டுக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள். இத்தனை நாளில் ஒரு நகம்கூடப் போகவில்லை.

எல்லப்பன் மட்டும்தான் கோபித்துக்கொண்டான். "என் வெரலு இருக்கசொல்ல எங்க போயிருந்தா இவ?" என்று கேட்டான். கேட்டுவிட்டு அவனும் கும்பிட்டான்.

நடுவில் மேனேஜர் ஒரு நாள் வந்து கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கதிர், அரிவாள். முகம் வெளுத்துவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சங்கம் ஆரம்பிக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை சார், அம்மன் என்றேன். குங்குமத்தைக் காட்டியதும்தான் அவருக்கு மூச்சு வந்தது. ஆயுத பூஜைக்கு அவர் செலவில் பொங்கல்.

ஒரு நகல் வார்த்து அதை மாட்டிவிட்டு அசலை உங்களுக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் இவ்வளவு நாள் பார்த்தேன். கிளியம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. "டூப்பு வச்சா டூப்பாதான் பாத்துக்குவா" என்கிறாள்.

இதுதான் நடந்தது. நீங்கள் பெரிய மனது பண்ண வேண்டும்.

தசரதன்


தருமபுரி
31-10-1991

திரு. தசரதன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

குங்குமம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வாக்கியத்தின் நடுவில், போகிற போக்கில். குங்குமத்தில் சுண்ணாம்பு உண்டு. சுண்ணாம்பு வெண்கலத்தை என்ன செய்யும் என்று டூல் ரூமில் இருபது வருஷம் இருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாலைக்கு ஈரம். கற்பூரத்துக்குப் புகை. ஒவ்வொரு அடிக்கும் அதிர்வு. நான் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு தொட்ட பொருள் அது.

அந்தப் பெண்மணி அம்மன் அல்ல. அவளுக்கு எங்கும் கோயில் இல்லை, அவளை நம்பிய நாட்டிலேயே இல்லை. விரல்களைக் காப்பது அவளுக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பும் அல்ல. அவளுடைய இலாகா தானியம். தொழிற்சாலைகளைப் பொறுத்தவரை, கூண்டைக் கழற்றக்கூடாது என்று நாடு சுதந்திரம் அடைந்த கையோடு சட்டம் போட்டாகிவிட்டது. அந்தச் சட்டத்தின் ஒரு பிரதியை வாங்கி, அதைத் தாங்கள் கூண்டில் மாட்டியிருக்கலாம்.

நகல் விஷயத்தில் மட்டும் அந்த அம்மாளும் நானும் ஒரே கட்சி. நகல் வைத்திருப்பவனை நான் சேகரிப்பவன் என்று சொல்வதில்லை.

என் பொருளை என்னைக் கேட்காமல் பொதுச்சொத்து ஆக்கியிருக்கிறீர்கள். அதற்கு மேல் "பித்தளை கிடைக்கவில்லை" என்று எழுதினீர்கள். முதலாவதைக்கூட ஒரு நாள் மன்னிப்பேன். பதக்கத்தைக் கழற்றி, பதிவுத் தபாலில் உடனே அனுப்பிவையுங்கள். தீபாவளிக்கு நாங்கள் வருவதற்கில்லை. கலைமதியிடம் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை என்று சொல்லவும். அது உங்களுக்கு மட்டும் உரியது.

இப்படிக்கு,
மு. சுப்பராயன், எம்.ஏ., பி.டி.


வடக்குப்பட்டு
9-11-1991

ஐயா,

தங்கள் பொருளை இன்று படப்பைத் தபால் நிலையத்தில் பதிவு செய்து அனுப்பியிருக்கிறேன். விளிம்பைப் பிடித்துத்தான் எடுத்தேன்.

தசரதன்


தருமபுரி
16-11-1991

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பார்சல் வந்தது. ஒரு சேதமும் இல்லை. முதலில் அதை ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் அதை ஒப்புக்கொள்ளப் பத்து நிமிஷம் ஆயிற்று. பூதக்கண்ணாடி வைத்து விளிம்பு முழுவதும் தேடினேன். உங்கள் நான்கு நகங்களின் சுவடுகூட இல்லை. பழுப்பு நிறம் அப்படியே இருக்கிறது. தேவதையின் நெற்றியில் மட்டும் லேசாக ஒரு சிவப்பு. அது மெல்லிய துணிக்கே போய்விடும். இன்னும் துடைக்கவில்லை, நேரம் இல்லை.

போன கடிதத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன் என்று என் மனைவி அபிப்பிராயப்படுகிறாள். பெயருக்குப் பின்னால் பட்டங்களைப் போட்டிருக்க வேண்டாம் என்கிறாள். மற்றதில் அவளுக்கு ஆட்சேபணை இல்லையாம். தங்கை புருஷனுக்கு யாராவது எம்.ஏ. போட்டு எழுதுவார்களா என்று கேட்கிறாள்.

கட்டுரை நன்றாக வளர்கிறது. பதக்கத்தை மேஜையில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அறை முழுவதும் கற்பூர வாசனை. நேற்றுப் பக்கத்து வீட்டுக்காரர் வந்தவர், செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். அவர் எப்போதும் அப்படித்தானா என்று தெரியவில்லை.

பஞ்சுக்கு நடுவில் ஒரு காய்ந்த செவ்வந்திப்பூ இருந்தது. நீங்கள் வைத்ததாக இருக்காது.

கழற்றும்போது அந்த அம்மாள் என்ன சொன்னாள்? ஆராய்ச்சிக்காகத்தான் கேட்கிறேன். கலைமதி ஏன் எழுதுவதில்லை?

சுப்பராயன்


வடக்குப்பட்டு
24-11-1991

மச்சானுக்கு வணக்கம்.

கிளியம்மாள் கை இருக்கிறது. இரண்டு கையும், பத்து விரலும் இருக்கிறது. படிக்கும்போது உங்களுக்குப் பதற்றம் வேண்டாம் என்று இதை முதலில் எழுதச் சொன்னாள் கலைமதி.

கழற்றிய அன்று கிளியம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. யாரோடது என்று கேட்டாள். மச்சானோடது என்றேன். "அவுரு பொருளு, அவுரு கேக்கறாரு. நாயம்தான்" என்றாள். பூவை அவள்தான் பஞ்சில் வைத்தாள். மற்றவர்கள் என்னோடு பேசவில்லை. எல்லப்பன் மட்டும் வந்து, என் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு வடையை எடுத்துக்கொண்டு, "போனா போறா வுடு" என்றான்.

போன திங்கட்கிழமை பாண்டுரங்கன் கூண்டைக் கழற்றிவிட்டார். நான் போய்க் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை, மேலே இருந்து அவரை நெருக்குகிறார்கள். "அம்மன் இருந்தா நானே தொட மாட்டேம்பா. இப்ப வெறும் கம்பிதான" என்றார். சட்டம் இருக்கிறது என்று நீங்கள் எழுதியதைச் சொன்னேன். அவருக்கும் அது தெரியும். ஆபீசில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள், நானும் பார்த்திருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை ஷிப்டு. கிளியம்மாள் மிஷினில் முதல் தகட்டை வைத்தாள். தகடு சரியாக உட்காரவில்லை. இரண்டு கையையும் உள்ளே விட்டு அழுத்திக்கொண்டிருந்தாள். பாரத்தை இறக்குகிற மிதிக்கட்டையில் காலை வைக்கவே இல்லை. பாரம் தானாக இறங்கிவிட்டது.

சத்தம் டூல் ரூமுக்குக் கேட்டது. அந்தச் சத்தம் எங்களுக்குப் பழக்கம்தான், நாள் முழுவதும் கேட்பது. ஆனால் அதற்குப் பிறகு யாரும் பேசாமல் இருந்தால் அது வேறு. நான் ஓடினேன். ஓடும்போது எல்லப்பன் விரலைப் பொறுக்கி நான் கைக்குட்டையில் சுற்றியதுதான் ஞாபகம் வந்தது.

அவள் மிஷின் முன்னால், கூண்டு இருந்த இடத்தைப் பார்த்து, இரண்டு கையையும் கூப்பியபடி உட்கார்ந்திருந்தாள். தீபாவளிக்குப் போட்ட கண்ணாடி வளையல் உடைந்து மடியில் கிடந்தது. மணிக்கட்டில் ஒரு கீறல். அவ்வளவுதான்.

"கைய உள்ள வுட்டப்பறம்தாம்பா நெனப்பு வந்துச்சி, இன்னிக்கு கும்புடலியேன்னு. அவதான் இல்லியேன்னும் நெனப்பு வந்துச்சி. இருந்தாலும் பழக்கம் வுடல, கைய எடுத்தேன்" என்றாள்.

அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு மிஷினைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே பாரத்தைப் பிடித்து நிறுத்துகிற கிளட்ச் சாவி தேய்ந்திருந்தது. பாரம் ஏன் தானாக இறங்கியது என்பதற்கு அது காரணம். புதிது செய்து மாட்டிவிட்டேன். அவள் கையை ஏன் எடுத்தாள் என்பதற்கும் உள்ளே ஏதாவது காரணம் இருக்குமோ என்று பார்த்தேன், அப்படி ஒரு பாகம் அந்த மிஷினில் இல்லை.

உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. உங்கள் பொருளை நான் கேட்காமல் மாட்டினேன், நீங்கள் கேட்டு வாங்கினீர்கள். கலைமதி எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. கிளியம்மாள் மூன்று நாளாக எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். தட்டில் கையே வைப்பதில்லை. கலைமதிதான் சோறு பிசைந்து கொடுக்கிறாள். வளையல் வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறாள்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போக வேண்டும். கூண்டு இன்னும் மூலையில்தான் கிடக்கிறது.

தசரதன்


தருமபுரி
28-11-1991

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் பள்ளிக்கு வந்தது. வகுப்பில் நின்றுகொண்டே பிரித்தேன். நீங்கள் முதல் வரியில் எழுதியிருந்ததை முதலில் படித்ததால்தான் மற்றதைப் படிக்க முடிந்தது. கலைமதிக்கு என் நன்றி. பிறகு பையன்களை தேசப்படம் வரையச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பத்து விரல் என்று எழுதியிருக்கிறீர்கள். என் கையை நானே விரித்துப் பார்த்துக்கொண்டேன். எதற்கு என்று தெரியவில்லை.

இன்று காலை பதக்கத்தை உங்கள் பெயருக்குப் பதிவு செய்து அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அது வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கடிதத்தை எழுதி முடிப்பதற்குள் மனம் மாறிவிடுமோ என்று பயந்து அதை முதலில் அனுப்பினேன். நான் அப்படிப்பட்டவன்தான், உங்களுக்குத் தெரியும்.

சட்டத்தை மாட்டுங்கள் என்று உங்களுக்கு உபதேசம் செய்திருந்தேன். நேற்று அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். சட்டம் ஆபீசில் கண்ணாடிக்குள் இருக்கிறது. அதன்மேல் யாரும் குங்குமம் வைக்கவில்லை. அதன் முன்னால் யாரும் செருப்பைக் கழற்றவும் இல்லை. பதினேழு வருஷமாக நான் சேகரித்த பதக்கங்களில் எதுவும் இதுவரை ஒரு வேலையும் செய்ததில்லை. ஒன்று மட்டும் தப்பித்துப் போய் வேலைக்குச் சேர்ந்திருக்கிறது. அதைத் திரும்பக் கூப்பிட்டுப் பெட்டியில் உட்கார வைக்க நான் யார் என்று என் மனைவி கேட்கிறாள். உரிமையாளர் என்று பதில் சொன்னேன். சொல்லும்போதே எடுபடவில்லை.

ஆனாலும் நிபந்தனைகள் உண்டு. குங்குமத்தைக் கூண்டின் திருகாணியில் வைக்கலாம், வெண்கலத்தில் கூடாது. பூவைப் பித்தளை வளையத்தில் செருகட்டும், ஈரம் படாமல். கற்பூரம் கை நீட்டும் தூரத்துக்கு அப்பால். ஜமீன்தாரைத் திருப்பக் கூடாது. அவர் தன் வாழ்நாளில் ஒரு வேலையையும் கிட்டத்தில் நின்று பார்த்திருக்க மாட்டார், இப்போது பார்க்கட்டும். இவற்றைக் கிளியம்மாளிடம் என் பெயரைச் சொல்லிப் படித்துக் காட்டவும்.

கிளட்ச் சாவி விஷயத்தில் எனக்கு ஒரு கேள்வி. மற்ற மிஷின்களையும் பிரித்துப் பார்த்தீர்களா? அம்மன் ஒருத்திதான் இருக்கிறாள்.

கூட்டத்துக்குக் கையில் என்ன கொண்டுபோவது என்று தெரியவில்லை. அது என் கவலை.

கலைமதியை எழுதச் சொல்லுங்கள்.

உங்கள்,
சுப்பராயன்


வடக்குப்பட்டு
9-12-1991

மச்சானுக்கு வணக்கம்.

அம்மன் வந்துவிட்டாள். சனிக்கிழமை மாட்டினோம்.

பார்சல் வந்த அன்று நான் சொன்னதும், பாண்டுரங்கனே கூண்டை மூலையிலிருந்து தூக்கிவந்தார். துடைத்துக் கொடுத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அந்த வியாழக்கிழமை சத்தம் கேட்டபோது அவர்தான் முதலில் ஓடியவர் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இனிமேல் மேலே இருந்து கூண்டைக் கழற்றச் சொன்னால், அம்மன் இருக்கிறாள், ஆட்கள் கேட்கமாட்டார்கள் என்று சொல்லிவிடலாமாம். நானாகச் சொன்னால் வேலை போகும், அவள் சொன்னால் போகாது என்றார்.

உங்கள் நிபந்தனைகளை எல்லோருக்கும் முன்னால் படித்தேன். சாமிக்கு ஈரப்பூ வைக்கக்கூடாது என்று எந்த ஊரில் இருக்கிறது என்று முணுமுணுத்தார்கள். கிளியம்மாள் அதட்டினாள். "அது அவுங்க வூட்டு அம்மன். அவுங்க மொற இன்னாவோ அதான்" என்றாள். இப்போது திருகாணியில்தான் குங்குமம். வாடிய பூவை எடுத்துவிட்டு, ஒரு துணியால் வளையத்தை மட்டும் துடைக்கிறாள். விளிம்பைப் பிடித்துத்தான் தொட வேண்டும் என்று எல்லப்பன் புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டிக்கொடுக்கிறான். அவனுக்குப் பிடிக்க மூன்று விரல்தான், ஆனால் சரியாகக் காட்டுகிறான்.

மற்ற மிஷின்களைப் பார்த்தீர்களா என்று கேட்டீர்கள். பார்த்தேன். இன்னும் ஒன்றில் சாவி தேய்ந்திருந்தது, மாற்றிவிட்டேன். கிளியம்மாள் இப்போது தன் கையாலேயே சாப்பிடுகிறாள். வளையலும் போட்டுக்கொண்டாள், பச்சை.

மாட்டுவதற்கு முன்னால், சனிக்கிழமை காலை, மெல்லிய மணலில் பதக்கத்தைப் பதித்து ஒரு நகல் வார்த்தேன். தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கு நகல் பிடிக்காது என்று தெரியும். கூட்டத்தில் வெறும் கையோடு நிற்பதைவிட இது மேல் என்று கலைமதி சொன்னாள். தேவதை நன்றாக வந்திருக்கிறாள். ஜமீன்தாருக்கு மட்டும் மூக்கு கொஞ்சம் பெரிதாகிவிட்டது. பயந்துபோனவர் மாதிரி இருக்கிறார். மிஷினைப் பார்த்துப் பார்த்து அப்படி ஆகியிருக்கும்.

கீழே கலைமதி எழுத வேண்டும் என்கிறாள். இடம் இல்லை. பொங்கலுக்கு வாருங்கள் என்பதுதான்.

தசரதன்


தருமபுரி
18-12-1991

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, கலைமதிக்கு,

பொங்கலுக்கு வருகிறோம். எல்லோரும். அரையாண்டுப் பரீட்சை வைத்துக்கொண்டிருந்ததால் சென்னையிலிருந்து அன்றே திரும்ப வேண்டியதாயிற்று. இல்லாவிட்டால் நேராக அங்கேதான் வந்திருப்பேன்.

கூட்டம் நன்றாக நடந்தது. மேஜையில் கறுப்புத் துணி விரித்து அவரவர் பொருளை வைத்திருந்தார்கள். வெள்ளி, வெண்கலம், அரசர்கள், பாலங்கள், முடிசூட்டு விழாக்கள். நடுவில் என் நகல், அந்த மூக்கோடு. எனக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். போன வருஷம் வேறொருவர் நகல் கொண்டுவந்தபோது நான் தள்ளி உட்கார்ந்தவன், ஆகவே குறை சொல்வதற்கில்லை.

பொருளின் முன்னால் ஒரு சீட்டு எழுதி வைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எண், உலோகம், ஆண்டு, இருக்கும் நிலை. நீண்ட நேரம் யோசித்து இப்படி எழுதினேன்: "எண் 17. நகல். அசல் பணியில் இருக்கிறது."

கட்டுரையை வாசித்தேன். தானிய தேவதையின் வரலாற்றில் கடைசிப் பத்தியைப் புதிதாகச் சேர்த்திருந்தேன். அவளுடைய இலாகா மாற்றப்பட்ட விவரம். கிளியம்மாளின் பெயரைச் சொன்னேன், எல்லப்பன் பெயரையும். தொழிற்சாலை எது என்று சொல்லவில்லை, மேனேஜர் பயப்படுவார். முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு காரைக்குடிக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். பெரிய சேகரிப்பாளர். என்னிடம் இருப்பவை எல்லாம் அவரிடம் இரண்டிரண்டு உண்டு, இது ஒன்று மட்டும் இல்லை. சீட்டை இரண்டு முறை படித்தார். அசலை எப்போதாவது பார்க்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டார்.

தாராளமாகப் பார்க்கலாம், செருப்பை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும் என்றேன்.

உங்கள்,
சுப்பராயன்